பலாலி–சென்னை டிக்கெட்: ஒரு முன்பதிவு ஆப்பும் ஒரு கடையும்

விமான டிக்கெட் விலை தேடிப் பார்க்க இந்த ஆப் நல்லது, காசு கட்ட நல்லதில்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுப்பேன்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு என்று போட்டால் முதல் பக்கத்தில் மலிவாக ஒரு தொகை வருகிறது. பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் எல்லாம் அடித்து முடித்துக் கடைசிப் பக்கத்துக்கு வந்த பிறகுதான் 'வசதிக் கட்டணம்' என்று ஒன்று ஏறுகிறது, பயணக் காப்புறுதிக்கு அவர்களே சரி போட்டு வைத்திருக்கிறார்கள், சீற் தெரிவுசெய்கிற இடத்தில் 'வேண்டாம்' என்பது அடியில், மங்கல் சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில் கிடக்கிறது. அம்மா மாதிரி வயதான ஒருவர் தனியே எடுத்தால் அது கண்ணில் படவே படாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008இலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது: வரியும் கட்டணமும் சேர்ந்த இறுதி விலையைத்தான் காட்டவேண்டும், மேலதிகமான எதையும் பயணியேதான் தெரிவுசெய்யவேண்டும். பாரிஸில் இருக்கிற எங்கள் சொந்தக்காரருக்குக் கிடைக்கிற பாதுகாப்பு எங்களுக்கும் வேண்டும்.

இதைவிடக் கோபம் வந்தது டிக்கெட்டை ரத்துச் செய்தபோது. 'இது மீளளிப்பு இல்லாத டிக்கெட், ஒன்றும் திரும்பி வராது' என்றார்கள் ஆப்காரர்கள். அது சரியில்லை. இந்திய விமான நிறுவனங்களுக்கு அந்த நாட்டு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் போட்ட விதி இருக்கிறது: அடிப்படைக் கட்டணம் திரும்பாவிட்டாலும் அரசாங்க வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் பயணிக்குத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும், சலுகை விலை டிக்கெட்டாக இருந்தாலும் சரி. விதியைக் காட்டி விமான நிறுவனத்துக்கு நேரே எழுதிய பிறகுதான் அந்தக் காசு வந்தது. பறக்காத பயணத்துக்கு வரி எதற்கு?

அடுத்த முறை டவுனில் ஒரு கடையில் எடுத்தேன். அங்கே இருந்த தம்பி கேட்காமலே ஒரு தாளில் அடிப்படைக் கட்டணம், வரி, தங்கள் சேவைக் கட்டணம் என்று தனித்தனியாக எழுதித் தந்து, 'அக்கா, ரத்துச் செய்தால் இது மட்டும் திரும்பும்' என்று வரிக்குக் கீழே கோடு போட்டுக் காட்டினார். ஆப்பை விடக் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஞாயிற்றுக்கிழமை பூட்டு, ஆனால் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று விளங்குகிறது.

எந்தக் கடையில் எடுத்தாலும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி கேட்டால் தரத்தான் வேண்டும். மறுத்தால் அந்த அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லலாம்.