குழலுக்குள் பார்க்காமல் துவக்கு வாங்காதீர்கள்: எனக்குப் போனது 881 டொலர் 40 சதம்

எனக்குப் பழுதான துவக்கை விற்ற கடைக்காரரோடு நேற்றுப் பின்னேரம்தான் கடைசியாகக் கதைத்தேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. ஒன்ராறியோவில் மான் வேட்டைக்கென்று முதல் துவக்கு வாங்கும் யோசனையில் எங்கள் ஆட்கள் யாராவது இருந்தால், தயவு செய்து முழுவதையும் வாசியுங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. விஷயம் நீதிமன்றம் வரை போகலாம். ரொறன்ரோவுக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரமாக, மீன்பிடிச் சாமானும் வேட்டைச் சாமானும் விற்கிற ஒரு நடுத்தரக் கடை. புதுத் துவக்கும் விற்பார்கள், பழையதை வாங்கியும் விற்பார்கள். துவக்கு 780 டொலர், அதன் மேல் 13 வீத வரி. மொத்தம் 881 டொலர் 40 சதம். இரவு வேலை செய்து சேர்த்த காசு.

எனக்கும் துவக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். என்னோடு வேலை செய்கிற ஒரு வெள்ளைக்காரர் ஒவ்வொரு நவம்பரும் பரி சவுண்ட் பக்கம் காட்டுக்குள் முகாம் போடுவார். மூன்று வருடமாக என்னையும் கூப்பிட்டார். வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டது ஒன்றுதான்: “ஏனப்பா, துவக்குச் சத்தம் வேண்டாமென்றுதானே இங்கை வந்தனாங்கள்?” அதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. அவர் சம்மதிக்க ஒரு குளிர்காலம் போனது. பிறகு பாதுகாப்பு வகுப்பு, சோதனை, வேட்டைப் படிப்பு, அதற்கும் ஒரு சோதனை. முதல் தடவை அனுமதிப்பத்திரம் கேட்பவர்களுக்கு 28 நாள் கட்டாயக் காத்திருப்பு என்று சட்டத்திலேயே இருக்கிறது. எனக்கு அதைவிட நீண்டது. எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்தேன்.

எந்தத் துவக்கு என்பதையும் ஆறுதலாகத்தான் யோசித்தேன். போல்ட் வகைதான் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைபிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளிப் பூட்டுகிற வகை அது. பழுதாகிற பாகங்கள் குறைவு, விலையும் குறைவு. போல்ட்டைக் கழற்றிவிட்டால் குழல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை திறந்து கிடக்கும். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்திருங்கள், திரும்ப வருகிறேன்.

எந்த அளவுத் தோட்டா என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். 1906இல் வந்த .30-06 இன்றைக்கும் நல்லதுதான், ஆனால் தோளில் கொஞ்சம் கூடுதலாக உதைக்கும். 1925இல் வந்த .270 நேராகப் பாயும், மானுக்கு அருமை. 2007இல் வந்த 6.5 கிரீட்மோர் மென்மையாக உதைக்கும், தூரத்துக்கும் நல்லது. நான் .308ஐத் தெரிந்தெடுத்தேன். 1952இல் வின்செஸ்டர் கொண்டுவந்தது. சின்ன ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும். மானுக்கு 150 கிரெயின் எடையுள்ள குண்டு, அனுமதி கிடைத்து மூஸ் என்கிற பெரிய மானின் வேட்டைக்குப் போனால் 180 கிரெயின் என்று ஒரே துவக்கு இரண்டுக்கும் போதும். ஒரேயொரு துவக்குத்தான் வாங்கப்போகிறேன் என்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒன்று மட்டும்: தென் ஒன்ராறியோவில் பல இடங்களில் மானுக்கு இந்த மாதிரி றைபிளே எடுக்க முடியாது, சொட்கனோ, குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் அடைக்கிற மசில்லோடரோதான். எந்த வலயத்துக்குப் போகிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் சாவேஜ் ஆக்ஸிஸ் அல்லது றூகர் அமெரிக்கன் என்று முடிவெடுத்திருந்தேன். இரண்டும் பார்க்க வடிவில்லை, தோளில் வைக்கிற பிடங்கு பிளாஸ்ரிக், ஆனால் விலைக்கு மேல் வேலை செய்யும். பின்லாந்துக்காரரின் டிக்காவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். போல்ட் வெண்ணெயில் ஓடுகிற மாதிரி ஓடியது. அது என் காசுக்குச் சரிவராது. அந்த நினைப்போடு அந்தக் கடைக்குள் போனேன். அப்படியே புதிதை வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றவருக்கு அறுபது வயது இருக்கும். என் நிறத்தையோ என் ஆங்கிலத்தையோ பார்த்து முகம் சுளிக்காத முதல் துவக்குக் கடைக்காரர் அவர். வலக்கையா இடக்கையா என்று கேட்டார். முழங்கையை மடக்கச் சொல்லி, பிடங்கை அதன் மடிப்பில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தார். குளிருடுப்பு போட்டால் இன்னும் அரை அங்குலம் போகும் என்றார். யாரோ சொந்தக்காரர் கடைக்கு வந்த மாதிரி இருந்தது எனக்கு.

பிறகு சொன்னார்: “புதிது ஏன்? இதைப் பார். ஒருவர் வாங்கி, ஒரு பெட்டித் தோட்டாகூடச் சுடவில்லை. மரப் பிடங்கு, குறி பார்க்கிற ஸ்கோப்போடு. என் மகனுக்கும் இதே மாதிரி ஒன்றுதான் எடுத்துக் கொடுத்தேன்.”

விசைக் காப்பில் ஒரு நூல் கட்டி, அதில் ஒரு இலக்குப் பேப்பர் தொங்கியது. நூறு யார் தூரத்தில் இந்தத் துவக்கால் சுட்டதாம். மூன்று ஓட்டை. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. 25 சதக் குற்றி ஒன்றை வைத்தால் மூன்றையும் மூடிவிடலாம். இடது மூலையில் கோப்பிக் கறை, வட்டத்தில் பாதி. அந்தப் பேப்பரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அங்கேதான் நான் விழுந்தேன்.

போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் பார்க்கலாமா என்று கேட்டேன். கேட்டேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். “பூட்டுப் போட்டிருக்கிறது, திறப்பு உள்ளே இருக்கிறது, அதுதான் பேப்பரே இருக்கிறதே” என்றார். சரி என்று விட்டுவிட்டேன். பாதுகாப்பு வகுப்பில் ஐந்து படி சொல்லித் தந்தார்கள். ஐந்தாவது படி, குழலுக்குள் பார். வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்து, சோதனையிலும் செய்து காட்டிய எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

அனுமதிப்பத்திர இலக்கத்தை அரசாங்கத்தோடு சரிபார்த்தார்கள். 2022 மே முதல் சாதாரண வேட்டைத் துவக்குக்கும் அது கட்டாயம். எல்லாம் சட்டப்படி நடக்கிறது என்ற நம்பிக்கை இன்னும் கூடியது. கடனட்டை என்றால் இரண்டு வீதம் கூட என்றார்கள், டெபிற்றில் கட்டினேன். 17 டொலர் மிச்சம் பிடிக்கப் போய், வங்கியிடம் சொல்லிக் காசைத் திருப்பி எடுக்கிற வழியையும் என் கையாலேயே அடைத்தேன்.

வீட்டில் குழலைப் பார்த்தேன். உள்ளே எண்ணெய் தடிப்பாகப் பூசியிருந்தது. ஒரு துணியை விட்டு இழுத்தேன், அடைப்பில்லை, வெளிச்சம் தெரிந்தது. அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை சுடும் திடலுக்குப் போனேன். நூறு யாரில் பேப்பரிலேயே படவில்லை. 25 யாருக்குக் கொண்டுவந்தேன். பட்டது, ஆனால் அந்தக் கிட்டத்திலேயே உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது. இரண்டு பெட்டி, 40 தோட்டா முடிந்தது. பக்கத்து மேசையில் இருந்த ஒரு பெரியவர் எழும்பி வந்து ஸ்கோப்பின் அடித்தட்டைத் தொட்டுப் பார்த்தார். ஸ்குறூ விரலால் திருப்பத் திரும்பியது. கடையில் இலவசமாகப் பூட்டி நேராக்கித் தந்த ஸ்கோப் அது. இறுக்கிச் சுட்டோம். அப்போதும் ஒன்று மேல் மூலையில், ஒன்று கீழே, ஒன்று எங்கே போனதென்றே தெரியவில்லை.

“போல்ட்டைக் கழற்று” என்றார். காய்ந்த துணிகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு எண்ணெயைத் துடைத்தார். வானத்தைப் பார்த்துப் பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே வரிகள் சுழன்று சுழன்று பளபளவென்று ஓடுகின்றன. குழல் வாய்க்கு ஒரு சாண் கிட்ட, ஒரு கறுப்பு வளையம். மோதிரத்தின் நிழல் மாதிரி. பிறகு என் விரலைப் பிடித்துக் குழலின் வெளிப்பக்கமாக இழுத்தார். அந்த இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு மேடு. வாய்க்குள் சேறோ பனியோ அடைத்திருக்கும்போது யாரோ சுட்டிருக்கிறார்கள், குழல் உள்ளிருந்து வீங்கியிருக்கிறது. “இனி இதைச் சுடாதே” என்று மட்டும் சொன்னார்.

துவக்குத் திருத்துகிற ஒருவரிடம் 60 டொலர் கொடுத்துப் பார்வையிட வைத்தேன். அதே கதைதான். வளையத்துக்குள் துரு அரித்த குழிகள் இருக்கின்றன, அது பல வருடத்துத் துரு என்று கைப்பட எழுதித் தந்தார். என்னிடம் அந்தத் துவக்கு அன்றைக்கு ஒன்பதாவது நாள். நான் அதில் 40க்கு மேல் சுட்டிருக்கிறேன், கன்னத்தை அதில் வைத்துக்கொண்டு. ஒரு மானில் குறி தப்பிப் பட்டிருந்தால் அந்தச் சீவன் காட்டுக்குள் ஓடி இரண்டு நாள் கிடந்து செத்திருக்கும். இதற்குத்தான் 881 டொலர் 40 சதம்.

முதல் தொலைபேசியில், “என்ன தோட்டா பாவித்தாய்? மலிவுத் தோட்டாவாக இருக்கும்” என்றார்கள். இரண்டாவதில், முகாமையாளர் இல்லை, திங்கட்கிழமை எடு. திங்கட்கிழமை, அவர் வேட்டைக்குப் போய்விட்டார். நேரில் போனேன். பற்றுச்சீட்டின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள்: பழைய சாமான் திரும்ப எடுக்கப்படாது. சரி, பொய் சொல்லி விற்றதற்கு என்ன பதில் என்று கேட்டேன். விற்ற துவக்கைத் திரும்ப எடுக்கச் சட்டம் விடாதாம். அதைச் சொன்னவரின் தலைக்கு மேலேயே பலகை தொங்குகிறது, ‘பழைய துவக்குகள் வாங்குகிறோம்’ என்று. அறுபது வயதுக்காரரும் அங்கேதான் நின்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்று முகாமையாளர் கடைசியாகக் கிடைத்தார். “நீ புதியவன். சேற்றில் குத்தி எடுத்துச் சுட்டிருப்பாய்” என்றார். துரு பற்றி எழுதித் தந்த கடிதம் இருக்கிறது என்றேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

இரவு நித்திரை வரவில்லை. அவர்களுடைய இணையப் பக்கத்தில் பழைய துவக்குகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறொரு துவக்கு, .30-06. விசைக் காப்பில் நூல், நூலில் பேப்பர். தொட்டுக்கொண்டிருக்கும் மூன்று ஓட்டை. இடது மூலையில் பாதி வட்டக் கோப்பிக் கறை.

மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவரும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

நிறைய ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன். வேலைக்கு நேரமாகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். போல்ட்டைக் கழற்றித் தராத கடையில் பழைய துவக்கு வாங்காதீர்கள். காய்ந்த துணி விட்டுத் துடைத்துவிட்டுப் பாருங்கள், எண்ணெய் எல்லாவற்றையும் மறைக்கும். நிழல் வளையம் தெரிந்தால் கீழே வைத்துவிட்டு வெளியே வாருங்கள். குழலின் வெளிப்பக்கம் முழுவதும் விரலை ஓட்டுங்கள். ஸ்கோப் ஸ்குறூக்களை நீங்களே இறுக்குங்கள். கடனட்டையிலேயே கட்டுங்கள். இந்தக் காசுக்குப் புதிதே கிடைக்கும், உத்தரவாதத்தோடு.

2002ஆம் ஆண்டின் ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் சொல்லி விற்றிருந்தால் ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து ஒப்பந்தத்தை முறிக்கலாம். இன்று காலை பதிவுத் தபாலில் கடிதம் போட்டுவிட்டேன். 881 டொலர் 40 சதமும், பார்வையிட்ட 60 டொலரும் கேட்டிருக்கிறேன். அடுத்தது சிறு கோரிக்கை நீதிமன்றம்.

இணையப் படத்தைச் சேமித்துவிட்டேன். ஆனால் அந்தப் பேப்பரை வேறொரு துவக்கில் நேரில் பார்த்த ஒருவர் எனக்கு வேண்டும். அந்தப் பக்கம் பழைய துவக்கு பார்க்கப் போனவர்கள் யாராவது மூன்று ஓட்டையும் கோப்பிக் கறையும் உள்ள பேப்பரைக் கண்டிருந்தால், எந்தத் துவக்கில், எந்தத் திகதியில் என்று கீழே எழுதுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.