வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் அதே லேண்ட்லைன்

மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி மில். ரோட்டோரம் ஆபீஸ், களத்தையும் வாய்க்காலையும் தாண்டி 200 மீட்டரில் குடோன். ஆபீஸ் லேண்ட்லைன் குடோனிலும் அடிக்க வேண்டும். வியாபாரிகளுக்கு அந்த ஒரு நம்பர்தான் மனப்பாடம்.

செம்புக் கம்பி இழுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எக்ஸ்சேஞ்சிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் வரும் லைனுக்கு இன்னும் 200 மீட்டர் எம்மாத்திரம்! போனுக்கு வேண்டிய 48 வோல்ட்டும் அங்கிருந்தே வருவதால், இங்கே கரண்ட் போனாலும் பேசலாம். ஆனால் நம் களிமண் ஐப்பசியில் குடித்த தண்ணீரை லேசில் விடாது. ஜாயின்டைப் பிரித்தால் செம்பில் பச்சை பூத்திருக்கும், காதில் கரகரவென்று இரைச்சல். இடி அதைவிட மோசம். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் தனித்தனி. நடுவில் கம்பி ஓடினால் மின்னலுக்கு அதுவே பாதை. நான் இழுத்த ஒரு லைனில் போன் கருகிப் போனதிலிருந்து, வாய்க்கால் தாண்டி செம்பு போடுவதை விட்டுவிட்டேன்.

கார்ட்லெஸ் போன்? திறந்த வெளியில் 300 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். தகரக் கூரைக்குள், மூட்டை அடுக்குக்குப் பின்னால் அந்தக் கணக்கு செல்லாது.

நான் சொல்வது நெட்வொர்க் வழி, அதாவது பேச்சை டேட்டாவாக அனுப்புவது. ஆபீஸ் பக்கம் லைனை வாங்கிக்கொள்ள எஃப்எக்ஸ்ஓ (FXO) பெட்டி, குடோன் பக்கம் போனுக்கு டயல் டோனும் ரிங்கும் கொடுக்க எஃப்எக்ஸ்எஸ் (FXS) பெட்டி. இரண்டும் எஃப்எக்ஸ்எஸ்ஸாக வாங்கிவிட்டு முழிப்பவர்கள் உண்டு. லேபிளைப் பார்த்து வாங்குங்கள். பேச்சை டேட்டாவாக்கும் முறையான ஜி.711 கோடெக்கில் ஒரு அழைப்புக்குப் போக வர தலா 100 கேபிபிஎஸ்கூட ஆகாது. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டரோடு சரி, அதனால் நடுவில் ஃபைபர். கண்ணாடி இழையில் மின்னல் ஏறாது. இரும்புக் கவசமோ கம்பியோ உள்ள ஃபைபர் வேண்டாம், அப்புறம் பழைய கதைதான்.

இதில் நேரம் தின்பது ஒரே இடம். எதிர்முனையில் போனை வைத்த பிறகும் எஃப்எக்ஸ்ஓ லைனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அடுத்து அழைப்பவருக்கு எங்கேஜ்டு. நம் ஊர் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி அமைதி. இதை அமைப்பில் போட்டால்தான் பெட்டி புரிந்துகொண்டு லைனை விடும்.

களத்துக்கு இந்தப் பக்கமே, பத்திருபது மீட்டரில் இன்னொரு அறை என்றால் செம்பே போதும். வாய்க்காலைத் தாண்டினால் ஃபைபர். பெட்டிகள் ஓடுவது நம் கரண்டில் என்பதால் இரண்டு முனையிலும் யூபிஎஸ். யூபிஎஸ் வைக்க மனமில்லாதவருக்கு இந்த வழியை நான் சொல்லவே மாட்டேன்.