‘தி வார் கேம்’: மணலியில் தீயணைத்தவன் பார்த்த அணுகுண்டுப் படம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இந்தப் படத்தைப் பார்க்காதீர்கள். சாப்பாடு இறங்காது. மற்றபடி 48 நிமிடம்தான், கறுப்பு வெள்ளை, பெரிய நடிகர் யாரும் கிடையாது. பெரியவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டிய படம்.

ராயபுரத்தில் ஒரு மாடி ஹாலில் வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகள் போட்டார்கள். என் தம்பி மகன் அதில் இருக்கிறான். “பெரிப்பா, படத்துல ஃபயர் சர்வீஸ் சீன் வருது, முடிஞ்சதும் நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்” என்று இழுத்துக்கொண்டு போனான். நான் மணலியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஃபயர் செக்‌ஷனில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். சைரன், மாக் டிரில் என்கிற ஆபத்துக்கால ஒத்திகை, எல்லாரும் வந்து கூட வேண்டிய அசெம்பிளி பாயிண்ட் என்றே காலம் ஓடியது. அதனால் இதை சினிமா விமர்சனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த வேலை தெரிந்த ஒருத்தன் சொல்வது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் 1965-ல் எடுத்தது. எடுத்தவர் பீட்டர் வாட்கின்ஸ், அப்போது முப்பது வயதுகூட நிரம்பாதவர். எடுக்கச் சொன்னது பிபிசி. இங்கிலாந்தில் கென்ட் என்ற மாவட்டத்தின் மேல் அணுகுண்டு விழுந்தால் அங்கிருக்கும் சாதாரண ஜனங்களுக்கு என்ன ஆகும் என்பதுதான் கதை. வியட்நாமில் ஆரம்பிக்கிற தகராறு பெர்லினுக்குப் போய், அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டு, கடைசியில் ஏவுகணை கிளம்புகிறது. இந்தப் பகுதி கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, பழைய அரசியல் வேறு, பக்கத்தில் இருந்தவர்கள் பாதிப் பேருக்குப் புரியவில்லை. புரியாவிட்டாலும் பரவாயில்லை. இன்றைக்கு அந்த இடத்தில் வேறு இரண்டு நாட்டின் பெயரைப் போட்டுக்கொண்டாலும் மிச்சப் படம் அப்படியே நிற்கும்.

நடித்தவர்கள் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள். கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடி ஓடி எடுத்திருக்கிறார்கள். செய்திப் படம் மாதிரியே பின்னணியில் ஒரு குரல், பதற்றமே இல்லாமல், இந்த வெப்பத்தில் தோல் என்ன ஆகும், கண் என்ன ஆகும் என்று சொல்லிக்கொண்டே போகிறது. எனக்கு அதிகம் உறைத்தது அந்தக் குரல்தான். எங்கள் ஃபேக்டரியில் விபத்து ரிப்போர்ட் எழுதும்போது இப்படித்தான் எழுதுவோம். யாருக்கு எத்தனை சதவீதம் தீக்காயம், எத்தனை மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. அழுகை எதுவும் ரிப்போர்ட்டில் இருக்காது. படித்தவர்களுக்குத் தெரியும்.

குண்டு விழுகிற இடத்துக்கு வருகிறேன். மான்ஸ்டன் என்ற விமானதளத்துக்குக் குறி வைத்த ஒரு மெகா டன் ஏவுகணை, குறி தவறி வேறு இடத்தில் வெடிக்கிறது. ஒரு மெகா டன் என்றால் ஆயிரம் கிலோ டன், ஹிரோஷிமாவில் போட்டது சுமார் 15 கிலோ டன். அதாவது அதைப் போல அறுபது மடங்குக்கும் மேல், அதுவும் தவறிப்போய் விழுந்த குண்டு. முதலில் வெளிச்சம், அப்புறம் வெப்பம், கொஞ்சம் தாமதித்து அதிர்வு. வீட்டுக்குள் மேஜைக்கு அடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் ஒடுங்குகிறது. ஹாலில் யாரோ நாற்காலியை நகர்த்திய சத்தம்தான் கேட்டது.

அதற்கப்புறம் ராச்செஸ்டர் என்ற ஊரில் நெருப்புப் புயல். இதைத்தான் தம்பி மகன் சொன்னது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பற்றினால், நடுவில் சூடான காற்று மேலே ஏறும், அந்த வெற்றிடத்தை நிரப்ப நாலா பக்கத்திலிருந்தும் காற்று உள்ளே பாயும். 1943 ஜூலையில் ஹாம்பர்க்கிலும் 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனிலும் இதுதான் நடந்தது. அங்கே போட்டது அணுகுண்டு இல்லை, சாதாரண குண்டும் தீக்குண்டும்தான். வாட்கின்ஸ் தன் காட்சிகளை அந்த ஊர்களின் பதிவிலிருந்தும் ஹிரோஷிமா, நாகசாகியிலிருந்தும்தான் எடுத்திருக்கிறார்.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று தண்ணீர் அடிக்க வேண்டும் என்பது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டுகிற விண்ட் சாக் துணிப்பையைப் பார்க்காமல் எவனும் ஹோஸைத் தொடமாட்டான். இந்தப் படத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் காற்று முதுகில்தான் அடிக்கிறது, ஆனால் அதே காற்று ஆளைத் தூக்கி நெருப்புக்குள் போடுகிறது. தீயணைப்புக்காரர்கள் நிற்க முடியாமல் தடுமாறி, சூட்டிலும் புகையிலும் ஒவ்வொருத்தராக விழுகிறார்கள். உள்ளே மூச்சுவிடக் காற்று இல்லை, கார்பன் மோனாக்சைடுதான். மூச்சுவிட முதுகில் மாட்டுகிற பி.ஏ. செட் மாட்டியிருந்தாலும் காற்று சிலிண்டர் எவ்வளவு நேரம் தாங்கும்? தீயணைக்கத் தண்ணீர் எடுக்கிற ஹைட்ரண்ட் லைனில் தண்ணீர் இருக்குமா? படம் பார்க்கும்போது கை தானாக வால்வைத் திருகப் போனது. அப்புறம்தான் உறைத்தது, இங்கே திருக வால்வே கிடையாது.

இதை விட மோசம் அதற்குப் பின்னால் வருகிறது. காயம்பட்டவர்களை மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். மூன்றாம் தரத்துக்கு மருந்து கிடையாது, ஓரமாகப் படுக்க வைத்துவிடுகிறார்கள். கடைசியில் போலீஸ்காரர்களே துப்பாக்கியால் அவர்களின் வேதனையை முடிக்கிறார்கள். செத்தவர்களை அடையாளம் காண வழியில்லாமல் எரிக்கும்போது கழற்றி வைத்த கல்யாண மோதிரங்கள் ஒரு வாளி நிறையக் கிடக்கின்றன. டிரெஸ்டனில் நடந்தது இது. அந்த வாளியை ஒரு சில நொடிதான் காட்டுகிறார், மனிதர் அதோடு நகர்ந்துவிடுகிறார். நம்ம ஊர் டைரக்டர் யாராவது என்றால் பின்னணியில் வயலினை விட்டு ஐந்து நிமிடம் காட்டியிருப்பார்.

நம்ம பட்டணத்தில் பெரிய தீக்காயம் என்றால் கீழ்ப்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவோம், இந்தப் பக்கம் உடனே என்றால் ஸ்டான்லி. ஒரு பாய்லர் வெடித்து நாலு பேரைக் கொண்டுபோனாலே அந்த வார்டு என்ன பாடு படும் என்று கூடப் போனவனுக்குத் தெரியும். ஒரு மெகா டன்னுக்குக் கணக்கே போட வேண்டாம்.

இந்த இடத்தில்தான் படத்தின் மேல் வந்த தகராறு புரிகிறது. 1965 செப்டம்பரில் படத்தை அரசாங்க உயரதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நவம்பரில் பிபிசி, டிவியில் காட்ட முடியாத அளவுக்குக் கொடூரமாக இருக்கிறது என்று அறிவித்து ஒளிபரப்பை நிறுத்திவிட்டது. எங்கள் சொந்த முடிவு என்றார்கள். அப்போது பிபிசி தலைவராக இருந்த நார்மன்புரூக் பிரபு, அதற்கு முன் பிரிட்டிஷ் அமைச்சரவைச் செயலாளர். அரசாங்கத்தோடு கலந்து பேசித்தான் செய்தார்கள் என்பது பிற்பாடு வெளிவந்த கோப்புகளிலிருந்து தெரிந்தது. 1966-ல் தியேட்டரில் மட்டும் விட்டார்கள். 1967-ல் ஆஸ்கரில் சிறந்த ஆவணப்பட விருது கிடைத்தது. டிவியில் போட்டது 1985 ஜூலை 31-ம் தேதி. எடுத்து இருபது வருடம் கழித்து!

ரத்தத்தைப் பார்த்து யாரும் இவ்வளவு பயப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். படத்தில் ஒரு ஆள் வீடு வீடாகத் துண்டுப் புத்தகம் கொடுத்துக்கொண்டு போவான், கதவை எப்படி அடைப்பது, மணல் மூட்டையை எங்கே அடுக்குவது என்று. மணல் மூட்டை வாங்கக் காசில்லாதவன் என்ன செய்வான் என்று அடுத்த காட்சியிலேயே கேட்டுவிடுகிறார். பெண்களையும் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பி, அங்கே இருக்கிற வீடுகளில் கட்டாயமாகத் தங்கவைக்கிறார்கள். வீட்டுக்கார அம்மாவின் முதல் கேள்வி, வருகிறவர்கள் கறுப்பர்களா என்பது. குண்டு இன்னும் விழவே இல்லை! கொஞ்ச நாளில் சாப்பாட்டுக்குக் கலவரம், போலீஸ் சுடுகிறது, ஜனங்கள் போலீஸைக் கொல்கிறார்கள். ஏற்பாடு எல்லாம் தயார் என்று சொல்லிக்கொண்டிருந்த அரசாங்கத்துக்கு வலித்தது இதுதான்.

வீட்டுக்கார அம்மா காட்சி வந்தபோது என் முன் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி சட்டென்று திரும்பிப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். வியாசர்பாடிக்காரர், பர்மாவிலிருந்து வந்த குடும்பம். படம் முடிந்து பேசும்போது சொன்னார். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அவருடைய பாட்டி கைக்குழந்தையோடு நடந்தே அசாம் பக்கம் வந்தவராம். “குண்டைப் பத்தி ஆயா அதிகம் பேசாது சார். வழியில யார் தண்ணி குடுத்தாங்க, யார் குடுக்கலன்னுதான் சொல்லிட்டே இருக்கும்.” அன்றைக்கு மேடையில் பேசிய எங்கள் எல்லாரையும் விட அந்த அம்மா பேசியதுதான் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

குறை சொல்லாமல் விடக் கூடாது. இது ஆவணப்படமா என்பதே பெரிய கேள்வி. நடக்காத ஒன்றை நடிக்க வைத்து எடுத்துவிட்டு ஆவணப்பட விருது வாங்கினால் கேள்வி வரத்தான் செய்யும். அந்தக் குரல், நிச்சயமாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் ஒரே தொனியில் சொல்கிறது. ஹாம்பர்க்கில் நடந்தது நடந்ததுதான், ஆனால் கென்ட் ஜனங்கள் இத்தனையாவது நாளில் இப்படித்தான் அடித்துக்கொள்வார்கள் என்பது ஒருத்தருடைய கணிப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டிருக்கலாம். மதத் தலைவர்கள் பேசியதையும் நிபுணர்கள் பேசியதையும் எடுத்துப் போட்டு உடனே அதற்கு எதிரான காட்சியைக் காட்டுவது முதல் தடவை சுருக்கென்று இருக்கிறது, மூன்றாவது தடவை ‘சரி, புரிந்தது’ என்று ஆகிவிடுகிறது.

மிகைப்படுத்திவிட்டார் என்ற குற்றச்சாட்டை மட்டும் நான் ஏற்கமாட்டேன். படம் எடுத்தபோது அணுகுண்டுக் குளிர்காலம் என்ற விஷயமே பேச்சில் இல்லை. எரிகிற நகரங்களின் கரி மேலே போய் வெயிலை மறைத்து விளைச்சலைக் கெடுக்கும் என்று அமெரிக்க விஞ்ஞானி கார்ல் சேகனும் மற்றவர்களும் எழுதியது 1983-ல். அதையும் சேர்த்தால் இந்தப் படம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது.

இந்த மாதிரிப் படத்துக்கு எங்கேயும் சிக்கல்தான். 1982-ல் கனடாவில் எடுத்த ‘இஃப் யு லவ் திஸ் பிளானட்’ படத்துக்கு அமெரிக்க நீதித் துறை ‘அரசியல் பிரச்சாரம்’ என்று முத்திரை குத்தியது, அடுத்த வருடம் அதுவும் ஆஸ்கர் வாங்கியது. நம்ம நாட்டில் போக்ரான் வெடிப்புக்குப் பின்னால் ஆனந்த் பட்வர்தன் எடுத்த ‘வார் அண்ட் பீஸ்’ ஆவணப்படத்தில் சென்சார் போர்டு நிறைய வெட்டச் சொன்னது. அவர் பாம்பே உயர் நீதிமன்றம் போய், வெட்டில்லாமல் வாங்கிவந்தார். இரண்டையும் தேடிப் பாருங்கள்.

பேசச் சொன்னபோது நான் சொன்னது இதுதான். மாக் டிரில்லைக் கிண்டல் செய்யாதீர்கள். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டும், முகத்தில் ஈரத்துணி கட்ட வேண்டும் என்று முன்னாலேயே பழக்கியிருந்தால் அது உயிர் காக்கும் விஷயம். 2025 மே 7-ம் தேதி நம்ம துறைமுகத்தில் போர்க்கால ஒத்திகை நடந்தபோதும், நடக்கட்டும், நல்லதுதான் என்றேன். குழாய் உடைந்தால், டேங்க் பற்றினால், ஏன், 1914-ல் எம்டன் கப்பல் வந்து இங்கே எண்ணெய் டேங்கைக் கொளுத்திய மாதிரி நடந்தால்கூட டிரில்லுக்கு வேலை இருக்கிறது. ஒரு மெகா டன்னுக்கு டிரில் கிடையாது. உலகத்தில் இப்போது சுமார் 12,000 அணுகுண்டுகள் இருக்கின்றன. அதற்குத் தயாராக இருக்கிறோம் என்று யாராவது சொன்னால், பெரியகுப்பத்துக்கு எத்தனை நிமிடத்தில் வந்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

ஒரு பையன் எழுந்து, “அப்ப நம்ம நாட்டுக்கு அணுகுண்டு வேணாமா சார், பக்கத்துல இருக்கிறவன் வச்சிருக்கானே?” என்றான். நியாயமான கேள்வி. கால் மணி நேரம் சத்தம் போட்டோம், ஒருத்தரும் மனம் மாறவில்லை. படத்திலும் தெருவில் போகிறவர்களை நிறுத்தி, எதிரி குண்டு போட்டால் திருப்பிப் போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம் என்றுதான் சொல்கிறார்கள்.

ஏற்பாட்டைப் பற்றி. டிக்கெட் கிடையாது, உண்டியல் வைத்திருந்தார்கள். திரை நன்றாக இருந்தது, ஸ்பீக்கர்தான் கரகரவென்று. ஃபேன் போட்டால் வசனம் கேட்காது, நிறுத்தினால் உட்கார முடியாது. இடைவேளை இல்லாதது நல்ல முடிவு. முடிந்ததும் சுண்டலும் டீயும் வைத்திருந்தார்கள், சுண்டல் அப்படியே மிஞ்சியது. ஆறாவது ஏழாவது படிக்கிற பிள்ளைகளைச் சிலர் கூட்டி வந்திருந்தார்கள், வாசலிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். கடைசியில் அனாதையான சின்னப் பிள்ளைகளிடம் பெரியவனானால் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்கிறார்கள், ஒன்றும் ஆக விரும்பவில்லை என்கிறார்கள். பதினைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அது வேண்டாம்.

பெரிய குறை மொழிதான். ஆங்கில எழுத்து கீழே ஓடுகிறது, அதுவும் வேகமாக. தம்பி மகன் ஒரு பக்கத்தில் தமிழில் கதைச் சுருக்கம் அடித்துக் கொடுத்திருந்தான், இருட்டில் யார் படிப்பது? துறைமுகத்திலும் மீன்பிடிப் படகிலும் வேலை பார்க்கிறவர்கள் பார்க்க வேண்டிய படம் இது. தமிழில் வசனம் ஓடவிட்டு மறுபடி போடுங்கள். திருவொற்றியூரில் என்றால் ஹால் நான் பேசி வாங்கித் தருகிறேன், ஸ்பீக்கர் மட்டும் வேறு கொண்டுவாருங்கள்.