ஹைட்ரஜன் இரும்பு: பெல்லட் உலையா, பிளாஸ்மா உலையா?

ஹெமடைட் என்ற இரும்புத் தாதுவின் ஆக்சிஜனை ஹைட்ரஜனால் நீக்கி ஒரு டன் இரும்பு எடுக்க, வேதிக் கணக்குப்படி 54 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். உலை எதுவானாலும் இது மாறாது. தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் மின்பகுப்பில் கிலோவுக்கு 50 யூனிட் மின்சாரம் என்று வைத்தாலும் ஹைட்ரஜனுக்கு மட்டும் 2,700 யூனிட் ஆகிவிடும். பிளாஸ்மா, அதாவது மின்வில்லில் கடுமையாகச் சூடேறி மின்னேற்றமடைந்த வாயு, வந்தால் இந்தச் செலவு இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எந்தத் தாதுவைப் போடலாம், உலை எவ்வளவு காலம் தாங்கும் என்பதில்தான் இரண்டு உலைகளும் பிரிகின்றன.

தாதுத் தூளை உருட்டிச் சுட்ட உருண்டைதான் பெல்லட்; அந்த வழி ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. சுவீடனின் லூலியோவில் எஃகு நிறுவனம் எஸ்எஸ்ஏபி, சுரங்க நிறுவனம் எல்கேஏபி, மின் நிறுவனம் வாட்டன்ஃபால் மூன்றும் சேர்ந்து தொடங்கிய ஹைபிரிட் திட்டம், 2021-ல் ஹைட்ரஜனை மட்டுமே வைத்து ஸ்பாஞ்ச் அயர்ன் (உருகாமலே ஆக்சிஜன் நீங்கிய திட இரும்பு) எடுத்தது. செங்குத்து உலையில் பெல்லட் மேலிருந்து இறங்கும். சூடான ஹைட்ரஜன் கீழிருந்து ஏறும். இந்த வினை வெப்பத்தை உறிஞ்சுவதால், உலையைச் சூடாக வைக்கவே தேவைக்கு மேல் வாயுவைச் சுற்றவிட வேண்டும். சூட்டை அதிகம் ஏற்றினால் பெல்லட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி இறங்காமல் நின்றுவிடும். அதைத் தடுக்க மேலே சுண்ணாம்புப் பூச்சு கொடுப்பதுண்டு. பெல்லட்டில் இரும்பு 67 சதவீதமாவது இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அதை உருக்கி எஃகாக்கும் அடுத்த கட்டமான மின்வில் உலையில் கசடு (உருகிய கழிவு) குவியும். கார்பன் இல்லாத ஸ்பாஞ்ச் அயர்ன் என்பதால் அங்கே கசடு நுரைக்கவும் தனியாகக் கார்பன் போட வேண்டியிருக்கும்.

பிளாஸ்மாவில் பெல்லட்டே தேவையில்லை. ஆஸ்திரியாவின் டோனாவிட்ஸில், ஃபோஸ்டால்பினே எஃகு ஆலையில் உள்ள சூஸ்டீல் சோதனை உலை இந்த வகை. நடுவில் துளையுள்ள கிராஃபைட் எலக்ட்ரோடு வழியாகத் தாதுத் தூளும் ஹைட்ரஜனும் இறங்கும். முனைக்கும் உருகிய குழம்புக்கும் நடுவே நேர்மின்னோட்ட (டிசி) வில் எரியும். அங்கே ஹைட்ரஜன் மூலக்கூறு உடைந்து அணுவாகி, தாதுவின் ஆக்சிஜனை வேகமாகப் பறிக்கும். உருக்குவதும் ஆக்சிஜன் நீக்குவதும் ஒரே இடத்தில் முடிவதால், பெல்லட் சூளையும் ஒட்டும் தொல்லையும் இல்லை. இதுதான் இந்த வழியின் உண்மையான பலம். உலகச் சந்தையில் கிடைக்கும் தாதுவில் பெரும்பகுதி தூள்தானே!

சிக்கல் வில்லிலேயே தொடங்குகிறது. ஹைட்ரஜன் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் வில் சுருங்கி அலைபாயும். ஆர்கான் கலந்து, வில்லைக் குட்டையாக வைத்துத்தான் அடக்க முடிகிறது. ஆர்கானுக்குப் பதில் மலிவாக நைட்ரஜனை விட்டால், அது வில்லில் உடைந்து எஃகில் கரைந்துவிடும். தூள் ஊட்டும் வேகமும் முக்கியம். அதிகமானால் இரும்பு ஆக்சைடு கசடில் தேங்கி உலைச் சுவரின் மக்னீசியா செங்கலை அரிக்கும். குறைந்தால் ஹைட்ரஜன் வேலை செய்யாமலே வெளியேறும், வில்லின் சூடும் சுவரைத் தாக்கும். தூள் ஈரமாக இருந்தால் எலக்ட்ரோடு துளையே அடைத்துக்கொள்ளும். எலக்ட்ரோடு கிராஃபைட் என்பதால் கொஞ்சம் கார்பன் வாயுவிலும் இரும்பிலும் சேர்ந்துவிடுகிறது.

இரண்டு உலையிலும் ஒரு சுற்றில் ஹைட்ரஜன் முழுவதும் செலவாவதில்லை. மீதியைத் திரும்ப அனுப்ப, வினையில் உண்டான நீராவியைக் குளிர்வித்துப் பிரிக்க வேண்டும். பிளாஸ்மா உலையின் வாயு அதிகச் சூட்டோடும் தூசியோடும் வருவதால் அங்கே இந்த வேலை கடினம், வெப்ப இழப்பும் கூடுதல்.

நல்ல பெல்லட் கிடைக்கும் இடத்தில் இன்றைக்கு ஆலை கட்டுவதென்றால் எங்கள் தேர்வு செங்குத்து உலைதான். பிளாஸ்மாவின் அடுத்த பெரிய உலையில் ஆக்சிஜன் நீக்கச் சதவீதத்தைவிட, டன்னுக்கு எத்தனை கிலோ எலக்ட்ரோடு தேய்கிறது, செங்கல் எத்தனை மில்லிமீட்டர் கரைகிறது என்ற இரண்டு அளவுகளைத்தான் முதலில் கேட்போம்.