ஹட்டனில் மூன்று வாரம்: இரைப்பை பைபாஸுக்குப் பிறகு முதல் ஊர்ப் பயணம்

2024 ஓகஸ்டில் இலங்கை மலையகத்தில் இருக்கிற என் ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன். அதற்கு முன் போனது 2019இல். இடையில், 2021இல், லண்டனில் எனக்கு இரைப்பை பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்தது. நிறையைக் குறைக்க, இரைப்பையைச் சின்னப் பையாக்கிக் குடலை அதோடு மாற்றித் தைக்கும் சிகிச்சை அது. அந்தச் சிகிச்சை செய்துகொண்டவர் மலையகத்துக்குப் போனால் இரத்தப் பரிசோதனை, ஊசி, சாப்பாடு, அவசர உதவி எல்லாம் எப்படி அமையும் என்று புறப்படுமுன் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்குப் பின்னால் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நான் ஏன் செய்துகொண்டேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு உயரம் 158 சென்ரிமீற்றர். நிறை 118 கிலோ வரை போயிருந்தது. ஒன்பது வருஷமாக நீரிழிவு. இரவில் மூச்சு நின்று நின்று வருவதால் முகமூடி போட்ட இயந்திரத்தோடுதான் தூக்கம். பிரித்தானியாவில் உடற்திணிவுச் சுட்டி, அதாவது உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ, 40க்கு மேல் போனாலோ, 35க்கு மேல் இருந்து நீரிழிவு போன்ற நோய் இருந்தாலோ இந்தச் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கலாம். நம்மைப் போன்ற தெற்காசியருக்கு அந்த எல்லையை 2.5 குறைத்துப் பார்ப்பார்கள். ஏனென்றால் நமக்குக் குறைந்த நிறையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. எனக்கு 47. அதனால் தகுதி பற்றிக் கேள்வியே இல்லை. இருந்தும் முடிவெடுக்க இரண்டு வருஷம் பிடித்தது. கத்திக்குப் பயந்து அல்ல. வயிற்றுக்கு இல்லாமல் கிடந்த சனத்தின் பிள்ளை, வயிற்றை வெட்டிச் சின்னதாக்கிக்கொள்வதா என்ற எண்ணம்தான் என்னைப் பிடித்து வைத்திருந்தது.

அம்மா போகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். 1974 பஞ்சத்தில் மாவும் அரிசியும் கிடைக்காமல் கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்ற கதையை அவர் அடிக்கடி சொல்வதில்லை. சொன்னால் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். எனக்கு மூத்த ஒரு அக்கா அந்த வருஷம்தான் போனது. அம்மாவுக்கு உடம்பு என்றால் சதை, சதை என்றால் உயிர். ஹட்டன் ஸ்டேஷனில் 79 கிலோவோடு நான் இறங்கியதும் என் கையைத் தூக்கிப் பிடித்து, வளையல் முழங்கை வரைக்கும் ஏறுவதைப் பார்த்தார். "என்னடி இப்புடி வத்திப் போய் வந்திருக்க. அந்த ஊருல சோறு போடலையா?" என்றார். கண் கலங்கிவிட்டது. 'பைபாஸ்' என்று போனில் சொன்னதை அவர் நெஞ்சு ஒப்பரேஷன் என்றே மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தோட்டத்தில் பைபாஸ் என்றால் இதயம்தான்.

கொழும்புக் கோட்டையிலிருந்து ஹட்டனுக்கு ரயிலில் ஐந்தாறு மணி நேரம். சாப்பாட்டுக்குப் பயந்துகொண்டு ஏறினேன். பயம் தேவைப்படவில்லை. கடதாசிச் சுருளில் அவித்த கடலை விற்றுக்கொண்டு வருகிறார்கள், தேங்காய்ச் சொட்டும் காய்ந்த மிளகாயும் போட்டுத் தாளித்தது. பைபாஸ் செய்த எங்களுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் சேர வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, மென்று மென்று. ஒரு சுருளை நாவலப்பிட்டி வரைக்கும் வைத்திருந்து சாப்பிட்டேன். வடை வேண்டாம். எண்ணெய் ஒத்துக்கொள்ளாது.

வீட்டில்தான் சிரமம். கோதுமை மா ரொட்டி, தேங்காய்ப்பூ போட்டு உள்ளங்கைத் தடிப்பில் சுட்டது, அதோடு கட்டைச் சம்பல். என் சின்ன வயசே அந்த மணம்தான். ஆனால் இப்போது என் இரைப்பை ஒரு முட்டை அளவுப் பை. பிசைந்த மாவு அதற்குள் போய் உருண்டு அடைத்துக்கொள்ளும். முதல் நாள் அம்மாவுக்காக அரை ரொட்டி சாப்பிட்டேன். நெஞ்சுக்குழியில் கல்லை வைத்தது போல ஒரு மணி நேரம் சுவரில் சாய்ந்திருந்தேன். அடுத்த நாள் காலை அம்மா ஒன்றும் பேசவில்லை. முட்டை ஒன்றும், நெத்தலிக் கருவாட்டுப் பிரட்டலும், ஒரு கரண்டி பருப்பும் தட்டில் வைத்தார். பிறகு பக்கத்தில் தண்ணீர்க் கோப்பையை வைக்க வந்தவர், நான் சொன்னது ஞாபகம் வந்து திருப்பி எடுத்துக்கொண்டு போனார். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் நாங்கள் குடிக்கலாம்.

தேத்தண்ணி விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், மலையகம் போகிறவர்களுக்கு அதுதான் பொறி. வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காத வீடு எங்கள் பக்கம் இல்லை. சீனி அள்ளிப் போட்ட பால் தேத்தண்ணி. இரண்டாம் வாரம் நாங்கள் முன்பு இருந்த லயத்துக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குப் போய், மூன்று வீட்டில் மறுக்க மனசு வராமல் குடித்துவிட்டேன். பைபாஸ் செய்தவர் வயிற்றில் சீனி நேராகச் சிறுகுடலுக்குள் இறங்கும். பத்து, இருபது நிமிஷத்தில் நெஞ்சு படபடத்து வேர்க்கும். அது ஒன்று. மற்றது, ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள், உடம்பு இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரந்து, இரத்தச் சர்க்கரை சடாரென்று விழும். எனக்கு இரண்டாவது வந்தது. வாசலில் நின்றுகொண்டிருந்தவள், அண்ணன் பேசுவது காதில் விழுகிறது, பதில் சொல்ல வாய் வரவில்லை.

அண்ணன் 1990 என்ற இலக்கத்துக்கு போன் அடித்தார். சுவசெரிய அம்புலன்ஸ், இந்திய உதவியோடு 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி பிறகு நாடு முழுக்க வந்தது. காசு கிடையாது. அண்ணன் தமிழில் பேசினார், தமிழிலேயே பதில் வந்தது. தோட்டத்துப் பாதையின் குண்டு குழியில் அவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. வந்த தம்பி விரலில் குத்திப் பார்த்து "58" என்றார். எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிரித்தானியாவில் அளவு வேறு. அங்கே 3.2 என்று வரும். இலங்கையில் மில்லிகிராம் கணக்கு. 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வாயில் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, தெளிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு இரவு வைத்துப் பார்த்தார்கள். அந்தத் தம்பிக்கும் இரவு முழுக்க வந்து வந்து பார்த்த தாதிக்கும் நான் என்றும் கடமைப்பட்டவள்.

அங்கே என்னைக் காப்பாற்றிய இன்னொன்று, கைப்பையில் இருந்த அட்டை. புறப்படுமுன் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி பிளாஸ்ரிக் உறையில் போட்டிருந்தேன். கடமையில் இருந்த வைத்தியருக்குச் சிங்களம்தான், எனக்கோ சிங்களம் மறந்துபோய்விட்டது. அட்டையில் நாலு விஷயம்: எந்த வருஷம் என்ன சிகிச்சை நடந்தது, புரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை ஆகாது, மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டி வந்தால் இந்தச் சத்திரசிகிச்சை தெரிந்தவரைக் கேட்காமல் போடக்கூடாது, நாள் கணக்கில் வாந்தி இருந்தால் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (விற்றமின் பி1) கொடுக்க வேண்டும். வைத்தியர் இரண்டு தரம் படித்தார். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

வலி மாத்திரை பற்றி எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வாரமே வேன் குலுக்கலில் இடுப்பு பிடித்து, டவுனில் ஒரு பாமசிக்குப் போனேன். "இடுப்பு வலி" என்று நான் சொல்லி முடிக்குமுன் கடதாசிக் கவரில் ஆறு மாத்திரை வந்துவிட்டது. வேறு நோய் இருக்கா, வேறு மருந்து எடுக்கிறீங்களா என்று ஒரு கேள்வி இல்லை. கவரில் பெயரும் இல்லை. திருப்பிக் கேட்டால் டைக்ளோஃபெனாக். குடலை இரைப்பையோடு தைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கக்கூடியது அது. புண் இரத்தம் கசியும், ஓட்டையும் விழும். திருப்பிக் கொடுத்துவிட்டு பனடோல் (பரசிற்றமோல்) வாங்கிக்கொண்டு வந்தேன். கேட்காமல் மருந்து கொடுப்பதை நான் மன்னிக்கத் தயாரில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, தப்பினேன். தெரியாமல் விழுங்குகிறவர்கள் எத்தனை பேர்?

பி12 ஊசி எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம். தேதி பயணத்துக்குள் விழுந்ததால் மருந்துக் குப்பியை ஜிபியின், அதாவது லண்டன் குடும்ப வைத்தியரின் கடிதத்தோடு கைப்பையில் கொண்டுபோனேன். ஒரு தனியார் டிஸ்பென்சரியில் கடிதத்தைப் பார்த்து உடனே போட்டுவிட்டார்கள். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணன் மகளைப் பற்றிச் சொல்கிறேன். வயசு 29, தோட்டப் பாடசாலையில் ஆசிரியை, 96 கிலோ. போன வருஷம்தான் கல்யாணம். ஒரு இரவு பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "அத்தை, நானும் செஞ்சுக்கட்டுமா?" என்றாள். தமிழ்நாட்டுக்கு அழைத்துப்போய், விமான டிக்கட்டும் சேர்த்துப் பத்து நாளில் முடித்துத் தருகிறோம் என்று ஒரு முகவர் சொல்லியிருக்கிறாராம். நகையை வைத்துக் காசு புரட்டப் போகிறாள். முகவர் கொடுத்த தாளை வாங்கிப் படித்தேன். சிகிச்சை இருக்கிறது, அறை இருக்கிறது, விமான நிலையத்துக்குக் கார் இருக்கிறது. பதினோராம் நாளிலிருந்து ஒரு வரி கிடையாது.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு உயிர் கொடுத்த சிகிச்சையை அவளுக்கு மறுக்க எனக்கென்ன உரிமை. நீரிழிவு மாத்திரை நிறுத்திவிட்டேன், மூச்சு இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் மற்றதையும் மறைக்காமல் சொன்னேன். நாலாம் மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. வயிற்றுத் தோல் தொங்குகிறது. 74 கிலோ வரை இறங்கி, ஐந்து கிலோ திரும்பி ஏறியிருக்கிறது. சிகிச்சை முடிந்து பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வரை பிள்ளை தரிக்கக் கூடாது. அவள் எழும்பி உட்கார்ந்தாள். முகவர் அதைச் சொல்லவே இல்லை.

பிறகு நான் கேட்டது ஒன்றுதான்: "அஞ்சாவது வருஷம் ஒனக்கு யாரு ரத்தம் எடுத்துப் பாப்பா?" இந்தச் சிகிச்சையில் இன்னொரு வகையான ஸ்லீவ் என்றால் இரைப்பையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி எடுப்பார்கள், பைபாஸ் என்றால் குடலை மாற்றித் தைப்பார்கள். எதுவானாலும் இரும்பு, பி12, விற்றமின் டி, கல்சியம் எல்லாம் ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டும், மாத்திரை எடுக்க வேண்டும். எனக்கு சத்திரசிகிச்சைப் பிரிவே இரண்டு வருஷம் பார்த்தது, அதற்குப் பிறகு வருஷா வருஷம் ஜிபி. அவளுக்கு? அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்க்க முடியும், தனியாரில் டொக்டரை சனல் பண்ணி, காசு கட்டி நேரம் எடுத்தும் பார்க்கலாம். ஆனால் யாரிடம், எங்கே என்று போகுமுன் தெரிந்திருக்க வேண்டும். கண்டிக்கு பஸ்ஸில் அழைத்துப்போய் ஒரு விசேட வைத்தியரிடம் காட்டினேன். தைரொயிட், மூன்று மாதச் சர்க்கரை, வயிற்று ஸ்கேன், கமெராப் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தார். பிள்ளை பற்றி முதலில் புருஷனும் நீயும் பேசிவிட்டு வா என்றார். முகவருக்கு முன்பணம் கொடுக்கவில்லை. இன்னும் முடிவெடுக்கவும் இல்லை. அவசரப்படாதது எனக்கு நிம்மதி.

புறப்படும் வாரம் என் இரத்தத்தைப் பார்க்க ஹட்டனில் ஒரு லாப்புக்குப் போனேன். உடம்பில் சேர்ந்திருக்கிற இரும்பைக் காட்டும் ஃபெரிற்றினுக்கு மாதிரி கொழும்புக்குப் போய் இரண்டு நாளில் போனுக்கு அறிக்கை வந்தது. துணைக்கு வந்த அம்மாவைச் சும்மா உட்கார வைக்க வேண்டாமே என்று அவருக்கும் ஹீமோகுளோபின் எழுதச் சொன்னேன். எனக்கு 12.4. அம்மாவுக்கு 8.9.

நான் ஒரு நிமிஷம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடலை மாற்றித் தைத்த எனக்கு இருக்கிற இரத்தம் அவருக்கு இல்லை. படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயசு என்று விட்டிருந்தார். இந்த வயசில் காரணம் தேடாமல் விடக்கூடாது என்று மறுநாளே ஆஸ்பத்திரியில் காட்டினோம். வயிற்றைப் பார்க்கத் தேதி போட்டு, இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பீங்களா என்று கேட்டார் வைத்தியர். குடிக்காமல்? ஆயுள் முழுக்க ரொட்டியும் சாயத் தண்ணியும்தான். தேயிலையில் இருக்கிற சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். லண்டனில் எனக்குச் சொன்ன அதே கணக்கு.

கடைசிக் காலை இரண்டு பேரும் எட்டு மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "ஒம்பது ஆயிருச்சா?"

"இன்னும் இருவது நிமிசம் இருக்கும்மா."

கேத்தலை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.