கிளை நூலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள்

என் நூலக உறுப்பினர் அட்டை நடுவில் கிழிந்து, செலோடேப் போட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. 2013-இல் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சேர்ந்தபோது கொடுத்தது. காவிரிப் படுகையில் ஒரு சிறு நகரம். பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் நூலகம். காப்புத்தொகை, சந்தா எல்லாம் சேர்த்து அன்று நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் இயங்கும் ‘பசுமை நூலகம்’ என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், பசுமைக் கட்டடங்களுக்கான லீட் தங்கச் சான்று பெற்றது. அங்கே போய் நாள் முழுவதும் உட்கார்ந்து படித்திருக்கிறேன்; அருமையான இடம். ஆனால் ஊருக்கு ஊர் ஒன்பது தளம் எழுப்ப முடியாது. பெரும்பாலோருக்கு வாய்ப்பது கிளை நூலகம், இல்லாவிட்டால் ஊர்ப்புற நூலகம். அங்கே பசுமை என்பது கட்டடத்தில் இல்லை, புத்தகத்தின் முதுகில் இருக்கிறது என்பது என் கட்சி.

நான் சேர்ந்த சில மாதங்களில், நூலகத்தின் பின்தாழ்வாரத்தில் பைண்டிங் செய்ய ஒருவர் வந்து உட்கார்ந்தார். எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். தையல் விட்டுப்போன புத்தகங்கள் அவர் பக்கத்தில் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய பசையைச் சுரண்டி, முதுகில் சிறு ரம்பத்தால் கீறி, அந்தக் கீறலில் நூலை ஓட்டித் தைத்தார். மைதா மாவைக் காய்ச்சிய பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்திருந்தது. “இது போடாவிட்டால் பூச்சி முதலில் பசையைத்தான் தின்னும் தம்பி, புத்தகம் அப்புறம்தான்” என்றார். முதுகுக்குக் காலிகோ துணி, இரு பக்கமும் கெட்டி அட்டை. கடைசியில் ஒன்று செய்தார்: பழைய மேலட்டையில் நைந்த ஓரங்களை வெட்டிவிட்டு, படம் இருந்த பகுதியை மட்டும் புது அட்டையின்மேல் ஒட்டினார். சிறுவர் புத்தகங்களுக்கு மட்டும் இந்தச் சலுகை. பிள்ளைகள் படத்தை வைத்துத்தான் புத்தகத்தை அடையாளம் காண்பார்களாம்.

அப்படித் தைத்த நாவல் ஒன்றை அண்மையில் இரண்டாம் முறையாக எடுத்து வந்தேன். உள்ளே, இரவல் தேதியை முத்திரையிடும் தேதிச் சீட்டு மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. மூன்றும் நிரம்பி, நான்காவதுக்கு இடம் பார்க்க வேண்டிய நிலை. அந்த ஒரு பிரதி எத்தனை வீட்டுக் கட்டில்களில் கிடந்திருக்கும்! என் அலமாரியில் காசு கொடுத்து வாங்கி, ஒரே ஒரு முறை புரட்டிய புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

ஆனால் கடந்த நான்கைந்து ஆண்டுகளாக அண்ணன் வரவில்லை. பைண்டிங் செலவுக்குப் பணம் ஒதுக்கவில்லை என்றார்கள். தையல் விட்டவை ‘கழிவு’ என்று எழுதப்பட்டு மூட்டையாகக் கட்டிக் கிடக்கின்றன. நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் வழியே கிடைத்த ஏற்பாடு அது. சுதந்திர இந்தியாவில் அப்படி வந்த முதல் சட்டமும் அதுதான். வசூலாகும் வரி உள்ளாட்சிகளிடமிருந்து நூலகத்துக்கு முறையாக வந்து சேருவதில்லை என்ற செய்தியைப் பல காலமாகப் படிக்கிறேன். ஒரு புத்தகத்தைத் தைக்க ஆகும் செலவு, புதிதாக வாங்குவதில் ஒரு சிறு பங்குதான். இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.

கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சேர்ந்தபோது நூலகம் வாடகைக்கு இருந்த ஓட்டு வீட்டில் இயங்கியது. நடுவில் முற்றம், உயரமான கூரை. பதினொரு மணி வரை மின்விசிறியே தேவைப்படாது. பிறகு சொந்தக் கட்டடம் வந்தது, மகிழ்ச்சிதான். கான்கிரீட் தளம், மேற்குப் பார்த்த சுவர். ஜன்னல்களை மறைத்து அலமாரிகளை நிறுத்தியதால் நடுப்பகலிலும் குழல்விளக்கு எரிகிறது. அலமாரிகளைச் சுவருக்குக் குறுக்காகத் திருப்பிப் போட்டால் பாதி விளக்கை அணைத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். பெண்கள் கழிப்பறை பூட்டியே கிடக்கிறது என்றும் அதே கடிதத்தில் எழுதினேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் காலையில் வந்தால் மாலைதான் வீடு திரும்புகிறார்கள். கழிப்பறை திறந்தது. அலமாரி அசையவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, எங்கள் நூலகத்தின் ஜன்னல் கண்ணாடிகள் போயின. கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறிப்போயின. வாசகர் வட்டம் என்ற ஒன்று வெறும் பாராட்டுக் கூட்டங்களுக்குத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். மறுநாள் அதே ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். வெயிலில் போட்டால் நெளிந்துவிடும் என்று நூலகர் அம்மா தடுத்துவிட்டார். கூடத்துத் தரையில் புத்தகங்களை விரித்து நிறுத்தி, பத்திருபது பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் செருகி, அது ஈரமானதும் மாற்றினோம். மின்சாரம் இல்லை, அட்டையால் விசிறினோம். சாதாரணத் தாளில் அச்சிட்டவை பெரும்பாலும் பிழைத்தன. வழவழப்பான தாளில் வந்த படப் புத்தகங்கள் ஒட்டிச் செங்கல்லாகிவிட்டன. பழைய செய்தித்தாள்களை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததன் பயனை அன்றுதான் கண்டேன்.

நிகழ்ச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது நூலக நண்பர்கள் திட்டம். வர முடியாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்த் தருகிறார்கள். முழங்கால் வலியால் வெளியே போகாத என் அம்மாவுக்கு ஒரு கல்லூரி மாணவி சைக்கிளில் எடுத்து வருகிறாள். “அடுத்த தடவை எழுத்து பெரிதாக இருக்கிற புத்தகமாகப் பார்த்து எடுத்து வா கண்ணு” என்பார் அம்மா; அவளும் நினைவாகத் தேடி எடுத்து வருவாள். இது எங்கள் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. 1931-இலேயே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டு வண்டியில் நூலகம் ஓடியிருக்கிறது. சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ். ஆர். ரங்கநாதனின் யோசனை அது.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆண்டு உலகச் சுற்றுச்சூழல் நாளுக்கு ஓர் அமைப்பு நூலகத்தில் விழா எடுத்தது. வாசலை அடைத்து பிளெக்ஸ் பேனர், பேச்சாளருக்குப் பிளாஸ்டிக் தாள் சுற்றிய பூங்கொத்து, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தலைப்பு: ‘நெகிழி ஒழிப்பு’. அன்று நட்ட மரக்கன்றுக்கு அடுத்த வாரம் தண்ணீர் ஊற்றியவர் நூலகத்தைப் பெருக்க வரும் அக்கா ஒருவர்தான். கன்று இப்போது மாடி உயரம் வளர்ந்து, அதன் நிழலில் சைக்கிள்கள் நிற்கின்றன.

சேர நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை விடுமுறை, அலைய வேண்டாம். கோடையில் காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் மேற்குச் சுவர் கொதிக்கும். துணிப்பை கொண்டு போங்கள். தையல் விட்ட புத்தகம் கையில் கிடைத்தால் டேப் ஒட்டாதீர்கள். நாளாக ஆகப் பழுப்பேறித் தாளையும் சேர்த்துக் கிழிக்கும். உறுப்பினர் அட்டைக்கு ஒட்டினால் பரவாயில்லை, நானே ஒட்டியிருக்கிறேன்.