நாள் காசு ஒன்று, மாதக் கணக்கு வேறு: திருகோணமலையில் வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் வைக்குமுன்

பாரிசவாதம் வந்தவரையோ இடுப்பெலும்பு முறிந்தவரையோ ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்குக் கொண்டுவரும் நாளில்தான் பல குடும்பங்கள் ஆள் தேடத் தொடங்குகின்றன. அந்த அவசரத்தில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "ஒரு நாளைக்கு எவ்வளவு?" அதற்குக் கிடைக்கும் பதிலை முப்பதால் பெருக்கி, கனடாவில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்.

முதலில் செய்யவேண்டியது வேறு. ஒரு தாளை எடுத்து, நோயாளிக்கு 24 மணிநேரத்தில் தேவைப்படும் வேலைகளை இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு பக்கம் கைப்பழக்கம் போதுமான வேலைகள்: துடைப்பது, பம்பர்ஸ் மாற்றுவது, திருப்பிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, மாத்திரை நேரம் பார்ப்பது. மறுபக்கம் படித்த தாதியின் கை வேண்டிய வேலைகள்: உணவு ஊட்டும் மூக்குக் குழாய் போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, ஆழமான புண்ணுக்கு மருந்து கட்டுவது. முதல் பக்கம் நாளில் பத்துப் பன்னிரண்டு மணிநேரத்தைத் தின்னும். இரண்டாம் பக்கத்தை முழுமாதமும் கூட்டினாலும் சில மணிநேரம்தான் வரும். அந்தச் சில மணிநேரத்துக்காக முப்பது நாளும் தாதி விலை கொடுப்பதும், காசை மிச்சம் பிடிக்கிறோம் என்று பழக்கமில்லாத ஆளிடம் குழாயை ஒப்படைப்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

கீழே வரும் சம்பளம், வாடகைத் தொகைகள் கணக்குக் காட்ட எடுத்துக்கொண்டவை. உங்களுக்குச் சொல்லப்பட்ட விலையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஏஜென்சி ஆள்

ஏஜென்சிகள் இரண்டு வகை. ஒன்று ஆளை அறிமுகப்படுத்திவிட்டு ஒருமுறைக் கட்டணம் வாங்கும். சம்பளத்தை நீங்கள் ஆளின் கையில் கொடுக்கவேண்டும். மற்றது ஆளைத் தன் ஊழியராக அனுப்பும். நீங்கள் ஏஜென்சிக்குக் கட்ட, அது தன் பங்கைக் கழித்துக்கொண்டு ஆளுக்குக் கொடுக்கும். "சம்பளம் யார் கையில் போகும்?" என்று கேட்டாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். இரண்டாம் வகையில் ஏஜென்சிதான் முதலாளி என்பதால், ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் அது கட்டவேண்டும். நாள் விலை ஏன் கூடுதல் என்பதற்கு அதைக் காரணமாகச் சொன்னால், ஆளுக்கு உண்மையில் கட்டப்படுகிறதா என்று ஆளிடமே கேளுங்கள்.

நாளுக்கு 4,000 ரூபா என்று வைப்போம். மாதம் 120,000. பதிவுக் கட்டணம் 10,000. மூன்று நேரச் சாப்பாடும் தேநீரும் நாளுக்கு 900 என்றால் 27,000. முதல் மாதம் 157,000 வந்துவிட்டது, சொன்னதைவிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூட. இதற்கு மேல் பயணச் செலவு இருக்கிறது. கொழும்பிலிருந்தோ குருநாகலிலிருந்தோ வருபவர் மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய்வருவார். அந்த பஸ் காசு யாருடையது, அவர் இல்லாத நாட்களுக்கு மாற்று ஆள் வருமா, மாற்று ஆளின் நாள் விலையும் அதுதானா என்ற மூன்றையும் வாயால் பேசி விடாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள். சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் காலங்களில் மாற்று ஆள் கிடைப்பதே அபூர்வம்.

மொழியையும் செலவாகவே கணக்கிட வேண்டும். வெளிமாவட்ட ஏஜென்சிகளிலிருந்து வருபவர்களில் சிங்களம் மட்டும் தெரிந்தவர்கள் பலர். பேச்சு குழறும் பாரிசவாத நோயாளிக்கு "நெஞ்சு அடைக்குது" என்று சொன்னால் விளங்கும் ஆள் பக்கத்தில் வேண்டும். மறதி நோய் உள்ளவருக்கு விளங்காத மொழியில் ஒருவர் உடுப்பைக் கழற்றினால் பயம் வந்து கையை ஓங்குவார். பிறகு ஆள் நிற்கமாட்டார், ஏஜென்சி மாற்றித் தரும், திரும்பவும் முதலிலிருந்து.

ஏஜென்சியின் உண்மையான பலம் ஒன்றே: ஆள் விட்டுப்போனால் இன்னொருவரைத் தரும் பொறுப்பு. அந்தப் பொறுப்பு எத்தனை மணிநேரத்துக்குள் என்று ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால், கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தமில்லை.

நேரே வைத்துக்கொள்ளும் உள்ளூர் ஆள்

பாலையூற்று, அன்புவழிபுரம், கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்திலிருந்து தெரிந்தவர் மூலம் வரும் அக்காமார். வீட்டோடு நிற்க மாதம் 60,000, சாப்பாடு 27,000, வாரம் ஒருநாள் லீவுக்கு வரும் மாற்று ஆளுக்கு நாள் 2,500 வீதம் நான்கு நாள் 10,000. மொத்தம் 97,000. ஏஜென்சியின் இரண்டாம் மாதக் கணக்கோடு (147,000) ஒப்பிட்டால் 50,000 குறைவு.

அந்த 50,000 சும்மா மிச்சப்படவில்லை. ஏஜென்சி செய்யும் வேலையை நீங்கள் செய்கிறீர்கள். அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், முன்பு வேலை செய்த இரண்டு வீடுகளின் தொலைபேசி எண் ஆகியவற்றை வாங்கி வையுங்கள். என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) பராமரிப்பாளர் சான்றிதழ் இருந்தால் நல்லது. ஆனால் நோயாளியை எப்படித் தூக்குகிறார் என்று கண்ணால் பார்ப்பது அதைவிட நல்லது. கக்கத்தில் கைகொடுத்து இழுப்பவர் தோளைக் கழற்றிவிடுவார். படுக்கை விரிப்பின் மேல் இன்னொரு மடித்த துணியைப் போட்டு, அதைப் பிடித்து நகர்த்துபவருக்கு வேலை தெரியும்.

சம்பளத்தை அடிமாட்டு விலைக்குப் பேசுவது வீண். தனியார் துறையின் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. அது பகல் வேலைக்கான அடித்தளம். இரவும் பகலும் வீட்டோடு நிற்பவருக்கு அதற்குச் சற்று மேலே ஐயாயிரம் கொடுத்தால், ஆடைத் தொழிற்சாலையிலோ கடையிலோ வேலை கிடைத்த அன்றே போய்விடுவார். வீட்டு வேலையாளுக்குச் சேமலாப நிதி கிடையாது என்பதையும் சம்பளம் பேசும்போது மனதில் வைக்கவேண்டும்.

"24 மணிநேரம்" என்ற பொய்

இரண்டு வழியிலும் குடும்பங்கள் ஏமாறும் இடம் இரவு. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்பவேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை நான்கு தடவை. பகல் முழுக்க வேலை செய்த ஒருத்தி இதை ஐந்து இரவு செய்வாள். ஆறாவது இரவு அலாரம் அடித்தாலும் எழும்பமாட்டாள். அது சோம்பல் இல்லை. ஒரு மனுசியிடம் 24 மணிநேரம் வாங்க முடியாது, அவ்வளவுதான்.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, இரவு இரண்டு திருப்பலை வீட்டார் எடுத்துக்கொள்வது. மற்றது, மாறிமாறிக் காற்று ஊதும் மெத்தை போட்டு, தாதியிடமோ டொக்டரிடமோ கேட்டு இடைவெளியைக் கூட்டுவது. மெத்தை திருப்பும் வேலையை நிறுத்தாது. குறைக்க மட்டுமே செய்யும். அதன் பம்ப் ஏறத்தாழ 10 வாட் என்பதால் மாதம் 7 யூனிட்தான் கரண்ட்.

தாதியை வேலைக்கு வேலை கூப்பிடுவது

ஓய்வுபெற்ற தாதிமாரும், டியூட்டி இல்லாத நேரத்தில் வருபவர்களும் வருகைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். போக்குவரத்தோடு 2,000 என்று வைத்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்ட 15 வருகை, 30,000. சிறுநீர்க் குழாயும் மூக்குக் குழாயும் மாற்றும் நாளை மருந்து கட்டும் நாளோடு பொருத்தினால் தனி வருகை தேவைப்படாது. சாதாரண ரப்பர் சிறுநீர்க் குழாய் இரண்டு முதல் நான்கு வாரம். முழுச் சிலிக்கோன் குழாய் 12 வாரம் வரை. விலை கூடினாலும் மூன்று மாதத்தில் குறைந்தது இரண்டு தடவை வேதனை மிச்சம்; மருந்து கட்டத் தாதி வராத வீடு என்றால் அந்த வருகைகளும் மிச்சம். எது பொருத்தம் என்று டொக்டர் சொல்லவேண்டும்.

இந்த வேலைகள் அரச வைத்தியசாலையில் இலவசம். அங்கே செலவு என்பது போய்வரும் செலவுதான். மூதூரிலோ கிண்ணியாவிலோ இருப்பவர்கள் இதற்காக நகரத்துப் பொது வைத்தியசாலைக்கு வான் பிடிக்கவேண்டியதில்லை. அங்கேயே ஆதார வைத்தியசாலை இருக்கிறது. உவர்மலை வீட்டிலிருந்து படுத்தபடுக்கையாக இருப்பவரை ஏற்றி இறக்க இரண்டு ஆளும் வாகனமும் வேண்டும் என்றால், தாதியை வீட்டுக்கு அழைப்பது மலிவு. கிளினிக் பயணத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடக்கூடாது, அது அவசரத்துக்கு.

குழாய் வேலையில் மலிவு பார்த்தால் என்ன நடக்கும்? மூக்குக் குழாயில் மூக்கோடு சேரும் இடத்தில் தாதி ஒரு அடையாளம் போட்டிருப்பார். அது வெளியே நகர்ந்திருப்பதைக் கவனிக்காமல் கஞ்சியை விட்டால் நுரையீரலுக்குப் போகும். ஊட்டும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்கவேண்டும், ஊட்டி முடிந்து அரை மணி முதல் ஒரு மணிநேரம் அப்படியே. நோயாளியைத் திருப்பும்போது சிறுநீர் சேரும் பையைக் கட்டிலின் மேல் தூக்கி வைத்தால் பையில் உள்ளது உள்ளே திரும்பி, தொற்றுக் காய்ச்சலில் முடியும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் தொடாமல். முதல் நாள் வரும் தாதிக்குக் கூடுதலாக ஒரு வருகைக் காசு கொடுத்து, வீட்டோடு நிற்பவருக்கு இதை ஒருமணிநேரம் காட்டிக்கொடுக்கச் சொல்லுங்கள். இந்தச் செலவை எந்த நாளும் குறைக்காதீர்கள்.

மருமகளோ மகளோ வேலையை விட்டால்

இதை "இலவசம்" என்று எழுதும் குடும்பங்கள்தான் அதிகம். 45,000 சம்பளம் வாங்கும் மகள் வேலையை விட்டால் 45,000 போகிறது. அதோடு முதலாளி கட்டிய 12 வீதம், 5,400 ரூபாவும் போகிறது. 97,000 உடன் ஒப்பிட்டால் இன்னும் மலிவுதான். ஆனால் இரவுக் கணக்கு மேலே சொன்னதுதான், மகள் என்பதால் மாறாது. அவள் கேட்கும்போது வெளிநாட்டுச் சகோதரர்கள் அனுப்பும் காசு "கைச்செலவு" என்று ஆகி, கேட்பவள் பிச்சை கேட்பவள் போல ஆகிவிடுவாள். மாதம் இன்ன தேதி, இன்ன தொகை, அதில் அவளுக்கான சம்பளம் தனி வரி என்று முதல் மாதமே எழுதிக்கொள்வது நல்லது. பிள்ளைகள் முற்றாகக் கைவிட்டால் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபையிடம் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். விபரத்துக்குப் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

முதியோர் இல்லம் என்ற தெரிவு பெரும்பாலும் நடமாடக்கூடியவர்களுக்கே. குழாயோடு இருப்பவரைச் சேர்ப்பார்களா என்று முதலில் கேட்டுவிட்டுக் கட்டணம் பேசுங்கள்.

சம்பளத்துக்கு வெளியே ஒளிந்திருப்பவை

பம்பர்ஸ் நாளுக்கு நான்கு என்றால் மாதம் 120. ஒன்றில் பத்து ரூபா வித்தியாசம் 1,200 ஆகும். இடுப்பை அளந்து வாங்காமல் "பெரியது நல்லது" என்று வாங்கினால் தொடையோரம் கசிந்து, விரிப்புத் தோய்ப்பதும் சேரும்.

ஒட்சிசன் இயந்திரம் வாடகைக்கு எடுப்பவர்கள் வாடகையை மட்டும் பார்க்கிறார்கள். 5 லீற்றர் இயந்திரம் ஏறத்தாழ 350 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் 8.4 யூனிட், மாதம் 252. வீட்டில் வழக்கமாக 90 யூனிட் எரிகிறது என்றால் பில் 342 யூனிட்டுக்கு வரும். 180க்கு மேல் எல்லாம் அதிகூடிய விலைப் படி. மாரி காலத்தில் காற்றுக்கு மரம் விழுந்து லைன் போனால் இயந்திரம் நிற்கும், ஆகவே சிறிய சிலிண்டர் ஒன்றும் கூடவே வேண்டும்.

கட்டில் வாங்குவதா வாடகையா? விலையை மாத வாடகையால் பிரியுங்கள். 85,000 கட்டிலுக்கு 8,500 வாடகை என்றால் பத்து மாதம். இடுப்பெலும்பு முறிவுக்கு மூன்று மாதம் தேவைப்படும், வாடகை போதும். கடற்கரைப் பக்கம் என்றால் வாங்குவதில் இன்னொரு கணக்கும் உண்டு: உப்புக் காற்றில் சுழற்றும் கைப்பிடியும் சில்லும் துருப்பிடித்து, மீள விற்கும்போது அரைவிலையும் வராது.

வருமானப் பக்கம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 70 வயதுக்கு மேற்பட்ட குறைந்த வருமானத்தாருக்கான கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 3,000இலிருந்து 5,000 ஆனது. மாற்றுத்திறனாளிகளுக்கு 7,500இலிருந்து 10,000. சக்கர நாற்காலிக்குச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மருத்துவக் காப்புறுதிகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் தங்கிய செலவுக்கே; வீட்டுத் தாதிச் செலவு உண்டா என்று பத்திரத்தில் தேடிப் பாருங்கள்.

எது எவருக்கு

குழாயோ புண்ணோ இல்லை, எழுந்து இருக்க உதவி மட்டும் வேண்டும் என்றால்: பகலுக்கு உள்ளூர் ஆள், இரவுக்கு வீட்டார். குழாய் இருந்தால்: வீட்டோடு உள்ளூர் ஆள், அதற்கு மேல் தாதி வருகை, மருந்து கட்டும் 15 நாளோடு கூட 127,000, ஏஜென்சியைவிட இன்னும் குறைவு, தேர்ந்த கையும் கிடைக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில், ஊரில் மேற்பார்வைக்கு ஒருவரும் இல்லை என்றால் ஏஜென்சி. வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க ஒரு உறவினருக்குக் காசு கொடுத்தாவது சொல்லிவையுங்கள்.

யாரை வைத்தாலும் முதல் ஏழு நாளை நாள் சம்பளத்தில் வைத்துப் பாருங்கள். மாத அட்வான்ஸ் அதற்குப் பிறகு. ஏழாம் நாள் குதிக்காலையும் நாரியின் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். நம் நிறத்துத் தோலில் சிவப்பு இலேசில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருமையாக, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ, விரலால் அழுத்தி எடுத்தாலும் நிறம் மாறாமல் இருந்தால் இரவில் திருப்பவில்லை என்று அர்த்தம். அட்வான்ஸ் கொடுக்குமுன் இரவு வேலையைத் திரும்பவும் பேசுங்கள்.